மாருதி 800-க்கு வீட்டில் வார்த்த ஃபைபர் பார்சல் ட்ரே

எங்கள் மாருதி 800-இன் பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த பார்சல் ட்ரே வெறும் மரத்தூள் பலகை. பின்கதவு ரப்பர் தேய்ந்த பிறகு இரண்டு ஐப்பசி மழை அதன் மேல் சொட்டிவிட்டது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஓரமெல்லாம் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி உப்பி, நடுவில் தொய்ந்துபோனது. அதில் பொருத்தியிருந்த இரண்டு நீள்வட்ட ஸ்பீக்கர்களும் கூரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒன்றையொன்று பார்க்க ஆரம்பித்தன. வேகத்தடை ஏறி இறங்கினால் போதும், பின்சீட்டில் இருப்பவரின் பிடரியில் மரத்தூள் கொட்டும்.

கடையில் வேறு பலகை வாங்கி மாட்டியிருக்கலாம். அதையும் அடுத்த மழை தின்றிருக்கும். எங்கள் ஊர் கடலூர். துறைமுகப் பக்கம் போனால் வரிசையாக ஃபைபர் படகுகள் கிடக்கும். வருடம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தும் அவற்றின் உடம்பு உளுப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து இந்தப் படகுகள் பெருகியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். படகுக்குத் தாங்குவது பார்சல் ட்ரேக்குத் தாங்காதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசனை வந்தது. அந்த யோசனை முடிய ஏழு மாதம் ஆனது.

காருக்கு ஃபைபர் ஒன்றும் புதிது இல்லை. 1953-இல் அமெரிக்காவில் வந்த முதல் கார்வெட் கார்களின் உடம்பு கண்ணாடி இழைதான். அந்த வருடம் செய்தது மொத்தமே 300 கார்கள், பெரும்பாலும் கை வேலை. நம் பக்கத்தில் பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980-களில் டால்பின் என்று ஒரு குட்டிக் கார் விட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை ஒட்டிச் செய்தது, அதற்கும் ஃபைபர் உடம்புதான். இடித்தால் நசுங்காது, உடையும். உடைந்த இடத்தைப் படகு ஒட்டுகிறவரிடம் கொண்டுபோனாலே வேலை முடிந்துவிடும் என்பது அந்த வகைக் கார்களின் வசதி.

நானும் அப்படி ஒருவரிடம்தான் போனேன். முதுநகர்ப் பக்கம் கொட்டகை போட்டுப் படகு ஒட்டும் மேஸ்திரி. மாருதிக்கு ட்ரே செய்யவேண்டும் என்றதும் சிரித்தார். "அரை நாள் வேலை தம்பி, நானே போட்டுத் தரேன்" என்றார். நானே செய்யவேண்டும் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. "அப்போ மொதல்ல ரெண்டு நாள் சும்மா உக்காந்து பாரு."

உட்கார்ந்து பார்த்ததில் கற்ற முதல் விஷயம் கேட்டலிஸ்ட் பற்றியது. கண்ணாடி இழையை நனைத்துப் பிடித்துக்கொள்ளும் திரவப் பிசின்தான் பாலியஸ்டர் ரெசின். அது தானாக இறுகாது. அதில் முதலில் இறுகும் வேகத்தைக் கூட்டும் கோபால்ட் கலந்த ஆக்ஸிலரேட்டர் விடவேண்டும். ரெசின் லேசான கத்திரிப்பூ நிறத்துக்கு வரும். நன்றாகக் கலக்கிய பிறகு எம்.இ.கே.பி. என்கிற கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம். கிலோவுக்குப் பத்து முதல் இருபது கிராம், அவ்வளவுதான். விட்டுக் கலக்கியதும் நிறம் மாறிப் பழுப்புப் பச்சையாகும். அந்த நிறம் தெரிந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று பொருள். முப்பது டிகிரி வெயிலில் கால் மணி நேரம் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது.

மேஸ்திரியின் கொட்டகையில் ஆக்ஸிலரேட்டர் டப்பா ஒரு கோடியில், கேட்டலிஸ்ட் டப்பா மறு கோடியில். இரண்டையும் ஒரே கரண்டியால் தொடக்கூடாது, ரெசின் இல்லாமல் ஒன்றோடொன்று நேராகச் சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கேட்டலிஸ்ட் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். படகு வேலையில் கையுறை போடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேட்டலிஸ்ட் ஊற்றும்போது மட்டும் மேஸ்திரி மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பெரிய கண்ணாடி மாட்டிக்கொள்வார். நானும் அன்றே ஒன்று வாங்கிவிட்டேன்.

அப்புறம் மோல்டு. வழக்கமான முறையில் முதலில் பொருளின் அச்சு அசல் மாதிரி ஒன்றை மரத்திலோ பெயின்டர் பூசும் பட்டியிலோ செய்து, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் மேல் தடிமனான ஃபைபர் ஓடு வார்த்து, அந்த ஓட்டைத்தான் மோல்டாக வைத்துக்கொள்வார்கள். நூறு பொருள் செய்கிறவர்களுக்கு அது சரி. ஒரே ஒரு ட்ரேக்கு அவ்வளவு தேய்க்கப் பொறுமை இல்லை. என் ட்ரே பெரும்பாலும் தட்டை, ஓரத்தில் ஓர் அங்குலம் கீழே மடியும் உதடு மட்டும்தான். அதனால் நேராக மோல்டையே செய்தேன். சமையலறை அலமாரி செய்தபோது மிஞ்சிய சன்மைக்கா ஒட்டிய பலகை தளம். அதன் மேல் அதே பலகையில் சுற்றுச்சுவர். ட்ரேயின் மேல்முகம் பலகையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும். சன்மைக்கா எவ்வளவு பளபளப்போ, பொருளும் அவ்வளவு பளபளப்பு. சன்மைக்காவில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறலும் பொருளில் வரும், அது வேறு விஷயம்.

சுவர்களை நேர் செங்குத்தாக நிறுத்தக்கூடாது. வெளிப்பக்கம் இரண்டு மூன்று டிகிரியாவது சாய்ந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் வார்த்தது வெளியே வராது. இட்லித் தட்டின் குழி ஏன் சரிவாக இருக்கிறதோ அதே காரணம். மூலைகளில் கூர்மையும் கூடாது. கண்ணாடி இழை கூரான மூலைக்குள் போய் உட்காராது, அங்கே காற்று தங்கும். பையனின் விளையாட்டுக் களிமண்ணைத் திரியாக உருட்டி மூலைகளில் வைத்து, டீஸ்பூனின் பின்பக்கத்தால் இழுத்து வழித்தேன். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூலைக்கு ஒரு நிறம். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "கோலம் நல்லா இருக்கு" என்றார்.

அதன் மேல் மெழுகு. புது மோல்டுக்கு ஐந்து ஆறு தடவையாவது மெழுகு பூசி, காயவிட்டு, துணியால் மின்ன மின்னத் துடைக்கவேண்டும். கடைசியாக பி.வி.ஏ. என்கிற திரவத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிய படலமாகத் தடவினேன். காய்ந்தால் பாலித்தீன் காகிதம் மாதிரி ஒரு தோல் நிற்கும். தண்ணீரில் கரையும் தோல் அது. அதனால் என்ன பயன் என்று கொஞ்சம் பின்னால் வரும்.

முதல் ட்ரே வார்த்தது ஐப்பசியில். அது தப்பு என்று இப்போது தெரியும். காற்றில் ஈரம் இருந்தால் பாலியஸ்டர் சரியாக இறுகாது, மேட் என்கிற இழைப்பாய் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அன்று மழை இல்லை, அதனால் தைரியம். முதலில் ஜெல் கோட். பொருளின் வெளித்தோல் அதுதான், கறுப்பு நிறம் கலந்து வாங்கியிருந்தேன். அரை மில்லிமீட்டர் கனமாவது இருக்கவேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். நானோ பெயின்ட் அடிக்கிற பழக்கத்தில் சிக்கனமாக இழுத்துத் தேய்த்தேன். விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வருவதற்குள், பொறுமை போய், அதன் மேல் ரெசின் ஊற்றி மேட்டைப் பரப்பிவிட்டேன்.

மேட் பரப்புவது பார்க்க நன்றாக இருக்கும் வேலை. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் வெள்ளையாக, பனை ஓலைப் பாய்போல் விறைப்பாக இருக்கும். ரெசின் பட்டதும் அந்த இழைகளைப் பிடித்திருக்கும் பசை கரைந்து, பாய் துவண்டு, வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெள்ளை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. பிரஷால் இழுக்கக்கூடாது, இழை திரண்டுவிடும். குத்தவேண்டும். பிறகு வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால், காற்றுக்குமிழ்கள் சின்னச் சின்னச் சத்தத்தோடு வெளியேறும். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். என் ட்ரே ஏறத்தாழ அரை சதுர மீட்டர். ஒரு பரப்புக்கு மேட் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ரெசின் அரைக் கிலோ. இரண்டு பரப்பு போட்டேன்.

மீந்த ரெசினைப் பிளாஸ்டிக் மக்கிலேயே வைத்துவிட்டு ரோலரை அசிட்டோனில் கழுவப் போனேன். திரும்பி வந்தால் மக்கிலிருந்து புகை. இறுகும்போது ரெசின் சூடாகும். மெல்லிய பரப்பில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். மக்கில் குவிந்திருந்தால் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மக்கின் அடி உருகி மொட்டைமாடித் தரையில் ஒட்டிக்கொண்டது. அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. மீந்ததை அகலமான தகரத் தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவதுதான் சரி. கலக்கும்போதே அரைக் கிலோவுக்கு மேல் கலக்காமல் இருப்பது அதைவிடச் சரி.

மறுநாள் பெயர்த்தெடுத்த ட்ரேயின் மேல்முகம் யானைத் துதிக்கை மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது. ஜெல் கோட் மெலிந்திருந்தாலும், சரியாக இறுகாவிட்டாலும், மேலே ஊற்றும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்கிற கரைப்பான் அதை ஊறவைத்துச் சுருட்டிவிடும். நான் இரண்டு தப்பையும் சேர்த்தே செய்திருந்தேன்.

சுருக்கத்தைவிடப் பெரிய குறை, ட்ரே ஆடியது. இரண்டு கையில் தூக்கினால் நடுவில் வளைந்து கும்பிட்டது. ஸ்பீக்கர் வைத்தால் பாட்டைவிட ட்ரேயின் அதிர்வுதான் கேட்டது. ஃபைபர் என்றாலே உறுதி என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. மேட் போட்டு வார்த்த ஃபைபரின் விறைப்பு இரும்பின் விறைப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு தகடு வளையாமல் நிற்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு, மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. அதாவது 0.8 மி.மீ. இரும்புத் தகட்டுக்கு ஈடாக 2.4 மி.மீ. சொச்சம் ஃபைபர் வேண்டும். அப்படிப் போட்டாலும் எடை இரும்பில் பாதியளவுதான் வரும், ஏனென்றால் இரும்பின் அடர்த்தி 7.85, இது ஒன்றரைக்கும் கீழே. 450 மேட் ஒரு பரப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் கொடுக்கும். என்னுடையது இரண்டு பரப்பு. தட்டையான பொருள் வேறு. வளைவோ மடிப்போ இருந்தால் வடிவமே கொஞ்சம் விறைப்பு கொடுத்திருக்கும்.

பரப்பை ஏற்றிக்கொண்டே போனால் எடையும் செலவும் ஏறும். படகுக்குள் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்பு மாதிரி கட்டை ஓடும், அதன் மேலேயும் ஃபைபர் போர்த்தியிருக்கும். அதே யோசனைதான். அடிப்பக்கம் நீளவாட்டில் மூன்று விலா வைத்து, மேட் போர்த்தினால் தடிமன் அங்கே மட்டும் கூடும். விலாவுக்கு உள்ளே என்ன வைத்தாலும் சரி, அது வெறும் அச்சுதான், பலம் மேலே போர்த்தும் தோலில் இருக்கிறது. இப்படிப் படித்துத் தெளிந்த பெருமையில், மேஸ்திரி ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், வீட்டிலிருந்த டி.வி. பெட்டித் தெர்மக்கோலை அறுத்து விலாவாக ஒட்டி, ரெசினில் நனைத்த மேட்டை மேலே போட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரோலரை வைத்து அழுத்தினேன், மெத்தென்று உள்ளே போனது. இன்னொரு இடத்தில் அழுத்தினேன், அங்கேயும். மேட்டைத் தூக்கிப் பார்த்தால் தெர்மக்கோல் இருந்த இடத்தில் வெள்ளைக் கோந்து. பாலியஸ்டர் ரெசினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டைரீன் இருக்கும். தெர்மக்கோல் என்பதே பாலிஸ்டைரீன். சர்க்கரைப் பொம்மையைத் தண்ணீரில் போட்ட கதை. ஒரு அடி நீள விலா ஒரு பிடிக் கோந்தாகச் சுருங்கிவிட்டது. அதற்குள் ரெசின் இறுக ஆரம்பித்துவிட்டதால் வழித்தெறியவும் முடியவில்லை. இரண்டாவது ட்ரேயும் போனது. மாடியிலிருந்து கீழே வந்த என் முகத்தைப் பார்த்து வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்டைரீன் நாற்றம் மட்டும் ராத்திரி வரை இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள்.

ஊர் திரும்பிய மேஸ்திரி அதைத் தட்டிப் பார்த்தார். "எபாக்சி போட்டிருந்தா தெர்மக்கோல் நின்னிருக்கும். பாலியஸ்டருக்கு மஞ்ச ஃபோம்தான்." எபாக்சி என்பது வேறு வகை ரெசின். மஞ்ச ஃபோம் என்றால் பாலியூரித்தேன். துறைமுகத்து ஐஸ் கம்பெனிகளில் சுவருக்கு வைக்கும் பஃப் பேனலின் நடுவில் இருப்பது. உடைந்த பேனல் ஒன்றின் துண்டை அவரே எடுத்துக்கொடுத்தார். அப்போ எல்லாவற்றுக்கும் எபாக்சியே போட்டால் என்ன என்று கேட்டேன். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த மேட்டின் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை, அதனால் மேட் துவளாமல் விறைத்தே நிற்கும். எபாக்சிக்கு நெய்த துணி வேண்டும்.

மூன்றாவது தடவை தையில். காலை ஆறரை மணி, வெயில் ஏறுவதற்கு முன். முந்தின நாளே மேட்டை வெயிலில் காயவைத்து, அளவுக்குத் துண்டாக்கி, வரிசைப்படி அடுக்கி வைத்தாயிற்று. ஓரங்களைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தேன். பிய்ந்த ஓரத்தில் இழை சீராக மெலிந்து முடியும், ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் தழும்பு தெரியாது. ஜெல் கோட் இரண்டு கை, தாராளமாக. விரல் வைத்தால் அடையாளம் விழும், நிறம் ஒட்டாது: அந்தப் பதம் வரும்வரை கீழே போய் இரண்டு காபி குடித்தேன். முதல் பரப்பு மெலிந்த 300 மேட். ஜெல் கோட்டை ஒட்டிய பரப்பில் காற்று தங்கினால் பிறகு வெயிலில் அது கொப்புளமாக உடையும், மெல்லிய மேட்டில் காற்றை விரட்டுவது சுலபம். அதன் மேல் 450 ஒன்று. நிறுத்திவிட்டேன்.

விலாவை அன்றே வைக்காமல் மறுநாள் வரை விட்டதற்குக் காரணம் உண்டு. ரெசின் இறுகும்போது சுருங்கும். பச்சையாக இருக்கும் தோலின் மேல் விலா போட்டால் அது இறுகிச் சுருங்கி, மேல்முகத்தில் கோடு கோடாகத் தெரியும். சில மலிவான ஃபைபர் பானெட்டுகளைச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு வெளியே தெரியுமே, அது இந்த அவசரத்தால் வருவதுதான். மறுநாள் மேற்பரப்பை உப்புத்தாளால் கீறி, மஞ்சள் ஃபோமைச் சரிந்த விளிம்போடு அறுத்து வைத்து, மேலே 450 மேட் போர்த்தினேன். போல்ட்டு வரும் நான்கு இடங்களிலும் ஃபோம் வைக்கவில்லை. முறுக்கும்போது ஃபோம் நசுங்கிவிடும் என்பதால் அங்கே மட்டும் மேட் நான்கு பரப்பு.

பாலியஸ்டர் இறுகும்போது காற்றுப் படும் முகம் எப்போதும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே நிற்கும், ஆக்சிஜன் அதை முழுதாக இறுகவிடாது. மோல்டைத் தொட்ட முகத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அடிப்பக்கத்துக்குக் கடைசியாக மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் ஒரு கை அடித்தேன். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைத்துக்கொள்ளும். இது தெரியாததால்தான் முதல் ட்ரேயின் அடியில் பையனின் பள்ளிப்பை ஒட்டிக்கொண்டது.

ஓரம் வெட்ட ஒரு நல்ல நேரம் இருக்கிறது. ரெசின் இறுகி, ஆனால் இன்னும் கெட்டியான தோல் மாதிரி இருக்கும் அரை மணி நேரம். அப்போது மோல்டில் வைத்தபடியே கத்தியால் சீவினால் மாங்காய்த் தோல் போல வரும். தவறவிட்டால் கிரைண்டர்தான், கிரைண்டர் என்றால் தூசிதான். அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது, நல்ல மாஸ்க் வேண்டும். உடம்பில் பட்டால் அரிப்பு மூன்று நாள் விடாது. கை கழுத்தெல்லாம் முன்கூட்டியே பவுடர் போட்டுக்கொண்டு முழுக்கைச் சட்டை, முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல். வெந்நீரில் குளித்தால் துவாரங்கள் திறந்து தூசி உள்ளே இறங்கும் என்று மேஸ்திரி அடித்துச் சொல்கிறார். உண்மையோ இல்லையோ, முதல் தடவை வெந்நீரில் குளித்து நான் பட்ட பாடு அவர் பக்கம்தான் பேசுகிறது.

மோல்டிலிருந்து பெயர்க்கும் காலை. ஓரத்தில் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகி மெல்லத் தட்டினேன். மூன்று பக்கம் விட்டுக்கொடுத்தது, நான்காவது பக்கம் பிடித்துக்கொண்டது. இரும்பு ஸ்க்ரூடிரைவர் எடுக்கக் கை பரபரத்தது. எடுத்திருந்தால் மோல்டும் போயிருக்கும், ட்ரேயும் போயிருக்கும். திறந்த பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். பி.வி.ஏ. படலம் கரைந்து உள்ளே உள்ளே தண்ணீர் நடந்து போனது. பிறகு ஓர் ஆப்பைத் தட்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம். பழுத்த பலாவைப் பிளக்கும்போது வருமே, அந்த மாதிரி. திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக, ஈரமாக, என் முகம் தெரிந்தது. மூக்குக்கு நேரே ஒரே ஒரு ஊசித்துளைக் குமிழ்.

எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஸ்பீக்கர் ஓட்டை அறுத்த விளிம்புகளில் ரெசின் தடவி அடைத்தேன். பழைய பலகை வெறும் கொக்கியில் தொங்கியது. நான் பக்கத்துக்கு இரண்டு போல்ட்டு, பெரிய வாஷரோடு, பிராக்கெட்டில் முறுக்கிவிட்டேன். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. திடீர் பிரேக்கில் அது பின்சீட்டுக்காரர் தலையைத் தேடி வரக்கூடாது. இதே காரணத்தால்தான், ஃபைபரில் சீட் செய்யலாமா, பம்பருக்குள் இருக்கும் இரும்பை மாற்றலாமா என்று கேட்கிற நண்பர்களிடம் பேச்சை மாற்றிவிடுகிறேன். இடி வாங்கும் இடத்தில் மொட்டைமாடி வேலை கூடாது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு மூடி வைத்தால் அடியில் குடை வைக்கலாம், அந்த மூடியைக் கார்பன் ஃபைபரில் செய்தால் அழகாக இருக்கும் என்று ஆசை. மெக்லாரன் 1981-இல் கார்பன் ஓடு போட்ட பந்தயக் காரை ஓட்டிய நாளிலிருந்து அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு ஒரு மவுசு. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி அரை மீட்டர் தபாலில் வரவழைத்தேன். விலையைச் சொல்லமாட்டேன், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

தட்டையான மூடிக்கு மோல்டு கண்ணாடிக் கடையில் கிடைக்கிறது. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று, அதன் மேல் மெழுகு. கார்பன் துணியை எபாக்சியில் நனைத்து இரண்டு பரப்பு, நடுவில் கண்ணாடித் துணி ஒன்று. மேலே ரெசின் ஒட்டாத நைலான் துணி, அதற்கு மேல் மிச்ச ரெசினையும் காற்றையும் வாங்கிக்கொள்ளும் பஞ்சுத்துணி, எல்லாவற்றையும் மூடி பிளாஸ்டிக் தாள், விளிம்பைச் சுற்றிப் பசை நாடா. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரின் உறிஞ்சும் குழாயைத் தாளுக்குள் விட்டு ஓட்டினால் காற்று போய், வெளிக்காற்று மேலே அழுத்தும். முழு வெற்றிடம் என்றால் சதுர மீட்டருக்குப் பத்து டன். கம்ப்ரசர் அந்த அளவுக்குப் போகாது, போனவரை போதும். நடுராத்திரியில் எங்கோ ஒரு மயிரிழை ஓட்டை 'ஸ்ஸ்' என்றது. அதைத் தேடிக் காதைத் தாளோடு வைத்து ஊர்ந்ததில் அரை மணி போனது.

எபாக்சியில் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பாலியஸ்டரில் கேட்டலிஸ்ட் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் வேகம்தான் மாறும். எபாக்சியில் ஹார்ட்னர் பாதிப் பொருள். டப்பாவில் நூறுக்கு முப்பது என்று போட்டிருந்தால் முப்பதுதான், தராசில் நிறுத்து. சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டு சொட்டுக் கூட விட்டால் கடைசிவரை பிசினாகவே இருக்கும்.

மூடி அழகாக வந்தது. வெயிலில் எபாக்சி மஞ்சளாகும் என்பதால் கார் பெயின்டருக்குத் தெரிந்த இரட்டை டப்பா கிளியர் வார்னிஷ் அடித்து மாட்டினேன். பங்குனி போனது, சித்திரை வந்தது, கத்திரி ஆரம்பித்தது. ஒரு மதியம் பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்திய காரைத் திறந்தபோது மூடி வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி நடுவில் வளைந்திருந்தது. துணியின் பின்னல் மேலே கையில் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்திருந்தது.

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி ஐம்பது அறுபது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். மறுநாள் அதே இடத்தில் சமையலறைத் தெர்மாமீட்டரை ட்ரேயின் மேல் வைத்துவிட்டு இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். 71. சாய்ந்த கண்ணாடிக்குக் கீழே, கறுப்பு நிறத்தில், காரிலேயே மோசமான இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எந்தச் சூட்டில் எபாக்சியைப் பக்குவப்படுத்துகிறோமோ, ஏறத்தாழ அதிலிருந்து கொஞ்ச தூரம்தான் அது தாங்கும். பொருளை மோல்டிலிருந்து எடுக்காமலே மெல்ல மெல்லச் சூடேற்றி, சில மணி நேரம் அங்கேயே நிறுத்தி, மெல்ல ஆறவிடவேண்டும். அதற்கு அடுப்பு வேண்டும். சமையலறை ஓவன் பேச்சே எழக்கூடாது.

மீன் ஏற்றும் தெர்மக்கோல் பெட்டி கைகொடுத்தது. இந்தத் தடவை ரெசின் பக்கம் வராத தெர்மக்கோல். பெரிய பெட்டி ஒன்றைத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து இரண்டு நாள் கழுவிக் காயவைத்தேன். உள்ளே இரண்டு நூறு வாட் குண்டு பல்பு, சூடு நேராகச் சுவரில் படாமல் தகரத் தடுப்பு, மூடியில் ஓட்டை போட்டுத் தெர்மாமீட்டர். இரண்டாவது மூடியைக் கண்ணாடியோடு உள்ளே வைத்து, 40-இல் ஒரு மணி நேரம், 50-இல் ஒரு மணி நேரம், பிறகு 65-க்கும் 70-க்கும் நடுவில் எட்டு மணி நேரம். தெர்மக்கோல் சூட்டுக்கு இளகும் என்பதால் 70-ஐத் தாண்டவிடாமல் பல்பை அணைத்தும் போட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டியிலிருந்து மெல்லிய சூரை மீன் வாடை வந்துகொண்டிருந்தது. பூனை ஒன்று எட்டு மணி நேரமும் எனக்குத் துணை இருந்தது.

அந்த மூடி மிச்சக் கத்திரியைத் தாண்டிவிட்டது. நேர்ச்சட்டத்தை மேலே வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி தெரிகிறது. அதற்கும் மேல் ஏறவில்லை. பாலியஸ்டர் ட்ரேக்கு எந்தக் கோளாறும் இல்லை, வெயிலும் அதற்கு நாள்போக்கில் பக்குவம் கொடுத்திருக்கும். பின்கதவு ரப்பரை இன்னும் மாற்றவில்லை. மழை பெய்தால் தண்ணீர் ட்ரேயின் மேல் சொட்டி, ஒரு மூலையில் தேங்கி நிற்கிறது. மோல்டில் அந்த மூலைக்குச் சரிவு வைக்க மறந்துவிட்டேன். சின்னதாக ஒரு வடிகால் ஓட்டை போடவேண்டும்.